கதவும் கணக்கும்

சமத்துவம் வேண்டாம் என்று சொல்லும் கட்சி தமிழ்நாட்டில் இல்லை. எதைச் சமமாக்குவது என்பதில்தான் இத்தனை சண்டையும். ஒரு தரப்பு கதவைப் பார்க்கிறது: எல்லோருக்கும் ஒரே தேர்வு, ஒரே விதி, மதிப்பெண் முடிவு செய்யட்டும் என்கிறது. இன்னொரு தரப்பு உள்ளே போய்த் தலைகளை எண்ணுகிறது.

எண்ணும் மரபுக்கு இங்கே நூறு வயது கடந்துவிட்டது. 1921-இல் நீதிக்கட்சி அரசு வகுப்புவாரிப் பிரதிநிதித்துவ ஆணையைப் பிறப்பித்தது. 1928-இல் அமைச்சர் முத்தையா முதலியார் அதைச் செயலுக்குக் கொண்டுவந்தார். 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கல்லூரி இடங்களுக்கான ஆணை செல்லாது என்றது. தமிழகம் கொதித்தது. அதே ஆண்டில் அரசமைப்பின் முதல் திருத்தம் வந்தது. பிறகு 1975-இல், உச்ச நீதிமன்றத்தின் தாமஸ் வழக்கில், இட ஒதுக்கீடு சமவாய்ப்புக்கு விதிவிலக்கல்ல, சமவாய்ப்பின் ஒரு வடிவமே என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினார்கள். இந்த விவாதம் முழுவதிலும் எனக்கு மிகத் தெளிவாகப் படும் இடம் இதுதான்.

சாதியை விட்டு வருமானத்தைப் பாருங்கள் என்போர் மூன்றாம் தரப்பு. முதல்வர் எம்.ஜி.ஆர். 1979-இல் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று வரம்பு வைத்தார். அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் தோற்றதும் ஆணையைத் திரும்பப் பெற்று, பிற்படுத்தப்பட்டோர் பங்கை 31 விழுக்காட்டிலிருந்து 50 ஆக்கினார். நிலமும் கூலியும் மாறாமல் சீட்டு மட்டும் போதுமா என்று இடதுசாரிகள் கேட்பதும் நியாயமான கேள்வியே.

எண்ணுகிறவர்கள் தங்கள் வீட்டுக்குள்ளும் எண்ண வேண்டும். 2009-இல் பட்டியல் சாதியினருக்கான பங்கில் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது அப்படித்தான்.

நான் எண்ணுகிறவர்கள் பக்கம். நீட் எல்லோருக்கும் ஒரே தேர்வுதான். ஆனால் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் மருத்துவக் கல்லூரிக்குள் போனார்கள். எண்ணிப் பார்த்ததால்தான் அது தெரிந்தது; 2020-இல் அவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது.

எண்ணுவது ஒரு படிவத்திலும் நடக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றுக்குத் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா என்று வரிசையாக எல்லோருடைய படிப்பையும் எழுத வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வந்த ஒரு பெண் தன் அப்பாவிடம், "ஆயா எதுவரைக்கும்பா படிச்சிச்சு?" என்று கேட்டாள். அப்பா பதில் சொல்லவில்லை. அவள் தாத்தாவின் கட்டத்தில் எழுதியிருந்ததையே ஆயாவின் கட்டத்திலும் எழுதினாள்: படிக்கவில்லை.