ஓசூர் ரோட்டில் ஒரு பாட்டுக் கிடங்கு

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் தமிழருக்குப் பாட்டு கேட்க நேரம் தருவது ஓசூர் ரோடுதான். 2025 ஆகஸ்டிலிருந்து மெட்ரோவின் மஞ்சள் தடமும் சேர்ந்துகொண்டது. கைப்பேசியில் இடமில்லை என்ற கவலையும் கிடையாது: யூடியூப் மியூசிக்கில் நம் சொந்தக் கோப்புகளை ஒரு லட்சம் வரை ஏற்றி வைக்கலாம்.

ஏற்றுவது எளிது, அடுக்குவதில்தான் ருசி. எம்பி3 கோப்புக்குள் ஆல்பம், ஆண்டு, கலைஞர் என்று எழுத இடம் உண்டு. கலைஞர் யார்? நாம் பாட்டைத் தேடுவது இசையமைப்பாளர் பெயரால். இளையராஜா என்று போட்டால் பாடிய ஜானகி காணாமல் போகிறார். 'ஆல்பம் கலைஞர்' என்ற தனி இடத்தில் ராஜாவை வைத்துவிட்டு, பாடியவரைக் கலைஞராக எழுதுவதே நியாயம். 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' வாத்திய இசைதான்; அங்கும் வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மனை விட மனம் வராது.

பாடலாசிரியர் இடம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். எனக்கு அதுதான் உறுத்தும். பொறுமையாக நிரப்பிவிட்டு, அந்த இடத்தையும் தேடும் செயலி ஒன்றில் வாலி என்று தேடிப் பாருங்கள்: எம்.எஸ்.வி. பாட்டுக்குப் பக்கத்திலேயே ரஹ்மான் பாட்டு வந்து நிற்கும். சில்க் போர்டு போய்ச் சேரும்வரை அந்த வரிசையே போதும்.