உற்றறிவும் மரமும்: சேக்கிழார் நூலை முன்னிட்டு ஓர் ஆய்வு

மரத்தைத் தொடுதலும், காட்டிடை உலாவுதலும், வெறுங்காலால் மண்ணை மிதித்தலும் உடற்கும் உள்ளத்திற்கும் நலந்தரும் என்னும் கருத்து இன்று உலகெங்கும் பேசப்படுகின்றது. ஜப்பான் நாட்டு வனத்துறை 1982-ஆம் ஆண்டில் இதற்கு ‘வனக்குளியல்’ எனப் பொருள்படும் பெயரிட்டு மக்களிடைப் பரப்பியது. இக்கருத்தினைத் தமிழிலக்கியத்தோடு ஒப்புநோக்குவார் சிலர், ‘நம் முன்னோர் இதனை அன்றே அறிந்திருந்தனர்’ எனக் கூறி அமைவர். அங்ஙனம் அமைதல் பெருமிதம் ஆகலாம், ஆராய்ச்சி ஆகாது. எவ்வாறு அறிந்திருந்தனர், எதனைப் பயன் எனக் கொண்டனர் என்பனவே ஆராயற்பாலன. இவற்றிற்கு விடை காண, குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழாரின் பெரியபுராணத்தை முதன்மையாகவும், தொல்காப்பியத்தையும் சங்கப் பாடல்கள் சிலவற்றையும் துணையாகவும் கொள்வோம்.

ஓரறிவும் ஆறறிவும்

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் அளவால் அறுவகைப்படுத்துகின்றார். புல்லும் மரமும் ஓரறிவின. அவ்வறிவு மெய்யால் உற்றறிதல். அதன்மேல் நாவறிவும் மூக்கறிவும் கண்ணறிவும் செவியறிவும் மன அறிவும் முறையே கூடும். இம்முறைவைப்பில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, கண்ணறிவு நான்காம் இடத்தது, ஊறே முதலிடத்தது. மற்றொன்று, மேல் ஏறும் உயிர் கீழுள்ள அறிவினை இழப்பதில்லை. ஆறறிவுடைய மகனும் முதற்கண் உற்றறியும் உயிரே ஆவன். எனவே இந்நெறியின்படி, மரத்திற்கும் மாந்தர்க்கும் பொதுவாய் நிற்பது ஊறுணர்ச்சி ஒன்றே. மரம் நம்மைக் காணாது. நம் புகழுரையைக் கேளாது. உறுதலை மட்டும் அறியும்.

தொல்காப்பியர் கூறும் அறிவும் தற்காலத் தாவர நூலார் கூறும் உணர்ச்சியும் ஒன்றே எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஒன்று இலக்கண நூலின் பாகுபாடு. மற்றொன்று ஆய்வுக்கூடத்தின் முடிபு. ஆயினும் ஒப்புநோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1990-ஆம் ஆண்டில் ஜேனட் பிராம், ரொனால்டு டேவிஸ் என்னும் அறிஞர் இருவர், அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியைத் தீண்டிய அரைமணி நேரத்திற்குள் அதன் மரபணுக்கள் சில மிகுதியாக இயங்கத் தொடங்குவதைக் கண்டனர். பலகாலும் தீண்டப்பட்ட செடிகள் குறுகி வளர்ந்தன என்பதும் அவர்தம் முடிபு. ஆதலின் தொடுதல் தொடுவார்க்கு மட்டும் நிகழ்வதன்று, தொடப்படுவதற்கும் நிகழ்வது. இதனை நினைவிற் கொண்டு இலக்கியத்துட் புகுவோம்.

புன்னையும் முல்லையும்

சங்க இலக்கியத்தின் இயற்கை பற்றி மு. வரதராசனாரும் தனிநாயக அடிகளாரும் விரிவாக ஆய்ந்துள்ளனர். அவர்க்குப் பின் எழுதுவோர் பலர், ‘இயற்கைப் பின்னணி’, ‘இயற்கைக் காட்சி’ என்னும் சொற்களைப் பெருவழக்காகக் கொண்டனர். இச்சொற்கள் இரண்டும் கண்ணறிவின்பாற் பட்டவை. காணும் பொருள் காண்பானுக்கு அப்பால் நிற்கும், அவனைப் பிணிக்காது. நற்றிணையின் 172-ஆம் பாடலை இச்சொற்களால் விளக்க முயன்றால் அது விளங்காது.

அப்பாடலில் மகளிர் விளையாடுகையில் மணலுள் அழுத்தி மறந்த புன்னை வித்து முளைக்கின்றது. பாலும் நெய்யும் பெய்து அதனை வளர்க்கின்றனர். அம்மரம் அவர்க்குத் தங்கை என்றும், அவரினும் சிறந்தது என்றும் அன்னை கூறுகின்றாள். அதனால் அதன் நிழலில் தலைவனொடு நகையாட நாணுவதாகத் தோழி உரைக்கின்றாள். கையால் நட்டதும் கையால் ஊட்டியதுமே இவ்வுறவுக்கு முதல். மரத்தின் அழகு ஈண்டுப் பேசுபொருள் அன்று.

‘இது தலைவனை வேறிடம் செலுத்தத் தோழி கூறிய படைத்துமொழி, இதனை உண்மை உறவாகக் கொள்ளலாமோ?’ என வினவலாம். படைத்துமொழியே ஆயினும், கேட்போன் ஏற்கத்தக்க அடிப்படை ஒன்று இருந்தாலன்றி அது பயன்படாது. மரத்தைத் தங்கை எனக் கொள்ளும் வழக்கு அறவே இல்லாத நாட்டில் இம்மறுப்பு நகைப்பிற்கே இடமாகும். ஆதலின் அவ்வுணர்வு புலவர்க்கும் கேட்போர்க்கும் பொதுவாய் இருந்தது என்பது போதரும். அவ்வுறவு இம்மகளிர்க்குத் தருவது இன்பம் மட்டும் அன்று; நாணமும் ஆகும். தொடுதல் கேண்மையைத் தந்தது. கேண்மை கட்டுப்பாட்டைத் தந்தது.

பாரி முல்லைக்குத் தேர் ஈந்த செய்தியும் இந்நோக்கில் புதுப்பொருள் தருகின்றது. கொழுகொம்பின்றித் தளரும் கொடிக்கு வேண்டுவது பற்றுதற்குரிய ஒரு பொருளே. கேட்க நாவில்லாத அவ்வுயிர்க்குப் பாரி அவ்வுயிரின் அறிவாலேயே விடை தந்தான். இதனைக் கொடைமடம் என்பாரும், அவன் ஓரறிவுயிரின் குறையை உணர்ந்து ஈந்தான் என்பதை மறுத்தற்கில்லை.

மகிழின் அடி

சேக்கிழார் இம்மரபினை மேலும் ஒரு படி உயர்த்துகின்றார். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க விழைந்த சுந்தரர், அவரைப் பிரியேன் எனச் சூளுற வேண்டியவராகின்றார். கோயிலினுள் சூளுறுங்கால் இறைவன் அங்கு இல்லாது மகிழமரத்தின்கீழ் இருக்கவேண்டும் என அவர் வேண்டிக்கொள்கின்றார். இறைவனோ மகிழின்கீழ்ச் சூள் கேட்குமாறு சங்கிலியார்க்குக் கனவில் உணர்த்துகின்றான். சுந்தரர் வேறு வழியின்றி மகிழினை வலம்வந்து சூளுறுகின்றார். இந்நிகழ்ச்சி இன்றும் திருவொற்றியூரில் மாசித் திருவிழாவில் மகிழடி சேவையாக நடைபெறுகின்றது.

இப்பகுதியை இறைவனின் விளையாட்டு என்றே படித்தல் பெருவழக்கு. அதன் அமைப்பினை ஊன்றி நோக்கின் வேறொன்றும் புலனாகும். கருவறையைச் சூளுக்கு எளிய இடமாகவும், மரத்தடியை அரிய இடமாகவும் ஆக்குகின்றது இக்கதை. சுந்தரர் மரத்தைத் தொட்டார் என ஈண்டுக் கொள்ளவேண்டுவதில்லை. அதன் நிழலுட் புக்கு, மெய்யால் வலம்வந்து நின்றார் என்பதே போதும். சொல் மெய்யாற் பிணைக்கப்பட்டது.

அச்சூள் முறிந்த வகையும் நோக்கற்பாலது. பொதியத்துச் சந்தன மணத்தொடு வந்த தென்றல் தம்மை அணைய, சுந்தரர் திருவாரூர் வசந்த விழாவை நினைக்கின்றார், ஒற்றியூர் எல்லையைக் கடக்கின்றார், கண்ணொளி இழக்கின்றார். பிணித்ததும் இயற்கையின் அணைவு; பெயர்த்ததும் இயற்கையின் அணைவு. தென்றலின் தீண்டல் இனியது. அவ்வினிமையே அவரைத் தவறச் செய்தது. பின்னர் வெண்பாக்கத்தில் அவர்க்குக் கிடைத்தது ஊன்றுகோல். அக்கோலை மகிழமரத்தொடு பிணைத்துப் பெரும்பொருள் காண்டல் மிகையாகும். ஆயினும் கண் இழந்தவர் காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறுகண்ணும் பெறும்வரை, கையால் உற்றறிந்தே வழி நடந்தார் என்பது தெளிவு. முதலறிவே இறுதித் துணையாயிற்று.

பச்சிலையின் எல்லை

இயற்கையைத் தீண்டல் எல்லா நோயும் தீர்க்கும் எனச் சேக்கிழார் கருதினாரோ எனின், இல்லை என்பதே விடை. இதற்குக் கண்ணப்பர் புராணம் சான்று. காளத்தி மலையில் இறைவனைக் கண்டவுடன் ஓடித் தழுவியவர் திண்ணனார். அவர்தம் அன்பு முழுவதும் ஊறுணர்ச்சியாகவே வெளிப்படுகின்றது. இறைவன் கண்ணிற் குருதி பெருகியபோது, வேடர் அறிந்த பச்சிலைகளைத் தேடிக் கொணர்ந்து பிழிந்து வார்க்கின்றார், குருதி நிற்கவில்லை. காடு தந்த மருந்து அங்கு எல்லை எய்தியது. அதற்கப்பால் அவர் தம் கண்ணையே இடந்து அப்புகின்றார். பெறுதல் நின்ற இடத்தில் தருதல் தொடங்குகின்றது.

இக்கால ஆய்வும் நம் மரபும்

இக்கால ஆய்வுகளை இவற்றொடு வைத்து நோக்குவோம். 1984-இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு பலரும் எடுத்துக்காட்டுவது. பித்தப்பை அறுவை பெற்ற 46 நோயாளருள், பலகணி வழியே மரங்களைக் கண்டோர், செங்கற் சுவரைக் கண்டோரினும் விரைவில் மனை திரும்பினர். இது கண்ணறிவின் பயன். ஊறு பற்றிய ஆய்வுகள் பின்னர் எழுந்தன. 2017-இல் ஜப்பானில் மாணவியர் 18 பேர் கண்மூடி உள்ளங்கையால் வெள்ளை ஓக்கு மரப்பலகையை 90 நொடி தொட்டபோது, பளிங்கும் ஓடும் எஃகும் தொட்டதினும் அவர்தம் நெஞ்சும் மூளையும் அமைதியுற்றமை அளந்து காணப்பட்டது. 2020-இல் பின்லாந்தில் காட்டுமண்ணும் புல்தரையும் பரப்பிய முற்றத்தில் 28 நாள் விளையாடிய சிறார்களின் தோலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின. நோய்தடுக்கும் ஆற்றலின் குறிகளும் நன்முறையில் மாறின. சோதிக்கப்பட்டோர் தொகை சிறிதாகலின் இவற்றை முடிந்த முடிபாகக் கொள்ளாது, நெறி காட்டும் செய்திகளாகக் கொள்ளுதலே முறை.

இவை யாவும் மாந்தன் பெறும் பயனையே அளக்கின்றன. அளத்தற்குரியது அதுவே ஆதலின் இது குறையன்று. நம் புலவர் கூறுவது அளவைக்கு உட்படாத மறுபாதி. தொட்டவன் பெறுகின்றான், பெற்றவன் கடன்படுகின்றான். புன்னையின்முன் நாணமும், முல்லைக்குத் தேரும், மகிழின்கீழ்ச் சூளும் அக்கடனின் வடிவங்களே. கடனை நீக்கிப் பயனை மட்டும் எடுத்துரைக்கும் ஒப்பீடு, பழம்பாடல்களை மருந்துச் சீட்டாக ஆக்கிவிடும்.

சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் இன்று சென்னையின் புறநகர்; மலைமேல் முருகன் கோயிலும், கீழே சேக்கிழார் எடுப்பித்த திருநாகேச்சரமும் உடையது. அண்மையிலுள்ள மாங்காடு தன் பெயரிலேயே தோப்பினைத் தாங்கி நிற்பது. 2016 டிசம்பர் 12-இல் வீசிய வர்தா புயல் சென்னைப் பகுதியில் எண்ணற்ற மரங்களை வீழ்த்தியது; மனைப்பிரிவுகள் மேலும் பலவற்றை நீக்கி வருகின்றன. இந்நிலப்பகுதியில் வளரும் மாணவர்க்குப் புன்னையும் மகிழும் பாடநூற் பெயர்களாக மட்டும் நின்றுவிடின், உரை எத்துணை விரிப்பினும் பாடல் விளங்காது. தங்கை எனற்குரிய மரத்தை ஒருகாலும் தொட்டறியாதவர்க்கு அத்தோழியின் நாணம் வெறுஞ்சொல்லே ஆகும். ஆதலின் மரம் காத்தல் நலவாழ்வோர் கடன் மட்டும் அன்று; தமிழ் பயில்வோர் கடனும் ஆகும் என்பது இவ்வாய்வாற் பெறப்படும் முடிபு.