முப்பது லட்சம் ரூபாய்த் தீர்ப்பு: பேசியதும் தொடாமல் விட்டதும்

2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் 'டாக்டர் பல்ராம் சிங் எதிர் இந்திய ஒன்றியம்' வழக்கில் தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகள் ரவீந்திர பட், அரவிந்த் குமார். இதில் ரவீந்திர பட் ஓய்வு பெற்ற நாளும் அதுதான். மறுநாள் பேப்பரில் பெரும்பாலும் ஒரே செய்தி: பாதாளச் சாக்கடையில் இறங்கி இறந்தவர்களின் குடும்பத்துக்கு இனி 30 லட்சம். தொகை பெரிசு, அதனால் தலைப்பும் அதுவே ஆயிற்று. தீர்ப்பை முழுசாகப் படித்தவர்கள் குறைவு. இதைத் தனித்தீர்ப்பாக வாசித்தால் ஒரு மாதிரி தெரிகிறது. அது நிற்கிற சட்டத்தோடு சேர்த்து வாசித்தால் வேறு மாதிரி தெரிகிறது. இந்தக் குறிப்பு அந்த இரண்டாவது வாசிப்பு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பின் மொழியில் கருணை இருக்கிறது, கூடவே வெட்கமும் இருக்கிறது. இந்த வேலையைச் செய்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாக அதில் கட்டிப்போடப்பட்டவர்கள் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறது. மொத்தம் 14 உத்தரவுகள். இறப்புக்கு 30 லட்சம். நிரந்தரமாக முடங்கிப் போனால் குறைந்தது 20 லட்சம், மற்ற ஊனங்களுக்குக் குறைந்தது 10 லட்சம். இறந்தவரின் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, பிள்ளைகளுக்குப் படிப்பு. நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு, மரணங்களையும் இழப்பீட்டையும் எல்லாரும் பார்க்கும்படி ஒரு இணையதளம். இதையெல்லாம் காகிதத்தில் வாங்குவதற்கே பல வருஷப் போராட்டம் தேவைப்பட்டது. சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது 2003-இல். அந்த வழக்கில் தீர்ப்பு வந்தது 2014 மார்ச் 27-இல். சொன்னவர் நம் ஊர்க்காரரான தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு. 1993-இலிருந்து சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் என்று முதலில் நிர்ணயித்தது அந்தத் தீர்ப்புதான்.

சரி, இப்போ அந்த 30 லட்சத்துக்கு வருவோம். பத்து முப்பது ஆனதும் மூன்று மடங்கு கூட்டிவிட்டார்கள் என்று தோன்றும். தீர்ப்பே காரணம் சொல்கிறது: பழைய 10 லட்சம் 1993-லிருந்து பொருந்தும் தொகை, அதன் இன்றைய மதிப்பு சுமார் 30 லட்சம். அதாவது இது உயர்வு இல்லை, விலைவாசிக் கணக்கு. முப்பது வருஷத்தில் அரிசி விலை ஏறியது, பஸ் டிக்கெட் ஏறியது, அதோடு சேர்ந்து இதுவும் ஏறியிருக்கிறது. கணக்கில் தப்பு இல்லை. ஆனால் ஒரு மரணத்துக்கு இப்படி விலைவாசிக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது என்றால், அந்த மரணம் முப்பது வருஷமாக நிற்கவில்லை என்றுதானே அர்த்தம்? இந்தக் கேள்வியைத் தீர்ப்பு தொடுகிறது, ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போகவில்லை.

அடுத்தது ஒப்பந்ததாரர்கள். வெளியாட்களுக்குக் கொடுத்த வேலையில் மரணம் நேர்ந்தால் யாரைப் பொறுப்பாக்குவது? தீர்ப்பின் பதில்: ஒப்பந்தத்தை உடனே ரத்து செய், பண அபராதம் விதி. அவ்வளவுதான். பொறுப்பு என்ற சொல்லுக்கு இங்கே உள்ள பொருள் பணமும் டெண்டரும். சிறை என்ற பேச்சு அந்த உத்தரவில் இல்லை. நகராட்சி கான்ட்ராக்ட் எப்படி நடக்கும் என்று தெரிந்த யாரும் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கத்தான் செய்வார்கள். ஒரு பெயரில் ரத்தானது இன்னொரு பெயரில் வந்து நிற்கும். அதைத் தடுக்கிற வழி உத்தரவில் இல்லை.

"சட்டத்திலேயே தண்டனை இருக்கே, தீர்ப்பு வேற எதுக்குச் சொல்லணும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால் சட்டத்தையே திறந்து பார்ப்போம்.

2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆபத்தான முறையில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதைத் தடை செய்கிறது. 9-ஆவது பிரிவில் தண்டனை: முதல் தடவை இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஐந்து வருஷம், ஐந்து லட்சம். 22-ஆவது பிரிவின்படி ஜாமீனில் விட முடியாத குற்றம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுவில் 10-ஆவது பிரிவு என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் வந்தால்தான் நீதிமன்றம் அந்தக் குற்றத்தை எடுத்துக்கொள்ளும். புருஷன் செத்து, உடலை வாங்கி, காரியம் முடித்து, யாரிடம் போவது என்று விசாரித்து, அலுவலகம் அலுவலகமாக அலைவதற்குள் மூன்று மாதம் போயே போய்விடும். காசோலை திரும்பி வந்ததற்குக் காலக்கெடு வைப்பது மாதிரி, மனுஷன் செத்ததற்கும் வைத்திருக்கிறார்கள்.

போலீஸ் பக்கமும் ஒரு சௌகரியம் உண்டு. இப்படி ஒரு சாவு நடந்தால் கைக்கு வருகிற பிரிவு கவனக்குறைவால் மரணம் விளைவித்தல். பழைய தண்டனைச் சட்டத்தில் 304ஏ, அதிகபட்சம் இரண்டு வருஷம். இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 106, அதிகபட்சம் ஐந்து வருஷம். அந்தப் பிரிவை மட்டும் போட்டுவிட்டால் நடந்தது ஒரு விபத்து ஆகிவிடுகிறது. சுவர் இடிந்து விழுந்த மாதிரி, லாரி மோதின மாதிரி. சாதியும் சட்டத்தடையும் எஃப்.ஐ.ஆரை விட்டே வெளியேறிவிடும். பட்டியல் சாதியைச் சேர்ந்தவரைக் கையால் மலம் அள்ள வைப்பது 2016 ஜனவரியிலிருந்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் குற்றம். அந்தப் பிரிவைப் போடவேண்டுமானால் 'கையால் மலம் அள்ளுதல்' நடந்தது என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கேதான் சிக்கலே.

கையால் மலம் அள்ளுபவர் யார் என்று சட்டம் 2(1)(ஜி) பிரிவில் வரையறுக்கிறது. சுகாதாரமற்ற கழிப்பிடம், அதன் மலம் விழுகிற திறந்த சாக்கடை அல்லது குழி, ரயில் தண்டவாளம், இப்படி ஒரு பட்டியல். அதற்குக் கீழே ஒரு விளக்கம்: மத்திய அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்பு உபகரணங்களோடும் மலத்தைச் சுத்தம் செய்பவர் கையால் மலம் அள்ளுபவராகக் கருதப்பட மாட்டார். இரண்டு தடவை படித்துப் பாருங்கள். ஆள் அதே ஆள், மலம் அதே மலம். கையுறை போட்டால் சட்டத்தின் கண்ணிலிருந்து அவர் மறைந்துவிடுகிறார். பாதாளச் சாக்கடையும் செப்டிக் டேங்கும் இந்த வரையறைக்கு உள்ளேயே வரவில்லை, 'ஆபத்தான சுத்தம்' என்று தனிப் பெட்டியில் கிடக்கின்றன. அந்தப் பெட்டிக்கும் இதே சாவிதான். உபகரணம் கொடுத்து, பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றி இறக்கினால் அது 'ஆபத்தான சுத்தம்' ஆகாது.

விதிகள் என்ன சொல்கின்றன என்றால், உபகரணத்தோடுகூட ஆளை இறக்கக் கூடாது, சில விதிவிலக்குகள் தவிர. புதுக் குழாய் இணைப்பு, மூழ்கிய பம்ப்பை எடுப்பது என்று நான்கு இனங்கள் போகின்றன. ஐந்தாவது: மிக அவசியம் என்றால், உள்ளாட்சி அமைப்பின் தலைமை அதிகாரி காரணத்தை எழுதி அனுமதி கொடுத்து இறக்கலாம். நான்கு ஜன்னலைச் சாத்திவிட்டு வாசல் கதவைத் திறந்து வைத்த கதை.

இந்த இரண்டு பெட்டி ஏற்பாட்டின் விளைவை 2021-இல் நாடாளுமன்றத்திலேயே பார்த்தோம். கையால் மலம் அள்ளியதால் இறந்தவர்கள் யாரும் இல்லை என்று ஜூலை மாதம் அரசு பதில் சொன்னது. சில நாள் கழித்து, சாக்கடையும் செப்டிக் டேங்கும் சுத்தம் செய்கையில் இறந்தவர்கள் 941 பேர் என்று அதே அரசு சொன்னது. சட்டப்படி இரண்டும் சரியான பதில்! அந்த 941-இல் 213 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர்கள், நாட்டிலேயே அதிகம். சமூகநீதி பற்றி நாம் மேடையில் பேசும்போது இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

உபகரணம் இருந்தா என்ன தப்பு என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் வேதியியல். மூடிக்கிடக்கும் மலக்குழியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு சேர்கிறது. காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். குறைந்த அளவில் அழுகின முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் மோப்ப சக்தியையே மரத்துப்போகச் செய்துவிடும். வாடை போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர் அதற்குள்ளேயே இறங்குகிறார். ஓரிரு மூச்சில் நினைவு தப்பும். மேலே நிற்கிறவர் தூக்கப் போவார், அவரும் விழுவார், பிறகு மூன்றாமவர். இந்தச் செய்திகளில் இரண்டு பேர், மூன்று பேர் என்று சேர்ந்து சாவது இதனால்தான். துணி மாஸ்க்கும் ரப்பர் கையுறையும் இந்த வாயுவை ஒன்றும் செய்யாது. வாயு அளக்கும் கருவி, காற்று ஊதும் இயந்திரம், தனிச் சுவாசக் கருவி, இடுப்பில் பெல்ட், மேலே முக்காலியும் கயிறும் வேண்டும். இவ்வளவையும் மாட்டி ஆளை இறக்குவதற்குப் பதில் உறிஞ்சும் லாரியும் இயந்திரமும் வாங்கலாம். மேன்ஹோலுக்குள் ஆளுக்குப் பதிலாக இறங்குகிற 'பாண்டிகூட்' இயந்திரத்தை 2018-இலேயே திருவனந்தபுரத்தில் செய்துவிட்டார்கள். பொறியியல் பிரச்சினை தீர்ந்து வருஷங்கள் ஆகின்றன. மனுஷன் இன்னும் மலிவாகக் கிடைக்கிறான், அதனால் இயந்திரம் ஷெட்டில் நிற்கிறது.

2023 தீர்ப்பின்மேல் என் முக்கியமான விமர்சனம் இங்கேதான் வருகிறது. அந்த 14 உத்தரவுகளில், கையுறை விளக்கத்தைத் தள்ளுபடி செய்கிற வரி இல்லை. மூன்று மாதக் கெடுவைத் தளர்த்துகிற வரியும் இல்லை. இரண்டும் இன்றும் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கின்றன. அதற்குப் பதில், ஆளை இறக்கும் வழக்கத்தைக் கட்டம் கட்டமாக ஒழிக்கச் சொல்கிறது. முதல் தடைச்சட்டம் வந்தது 1993-இல். முப்பது வருஷம் கழித்து 'கட்டம் கட்டமாக' என்று கேட்கும்போது, முதல் கட்டம் எப்போது தொடங்கியது என்று கேட்கத் தோன்றுகிறது.

நீதிமன்றத்தின் தரப்பிலும் சொல்ல இருக்கிறது. சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை. கேட்டு வந்தது அமல்படுத்தச் சொல்லி, அதைத்தான் கொடுத்தார்கள். ஒரு விதவைக்கு 30 லட்சம் என்பது வாடகை, பிள்ளையின் காலேஜ், கடன்காரன் வாசலில் நிற்காத ஒரு மாதம். அதைக் கொச்சைப்படுத்த எனக்கு உரிமை இல்லை. ஆனால் விலக்கை எவ்வளவு குறுக்கி வாசிப்பது என்பது நீதிமன்றத்தின் கையில் உள்ள வேலை. நம் நீதிமன்றங்கள் மற்ற சட்டங்களில் அதைத் தாராளமாகச் செய்திருக்கின்றன.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 2025 ஜனவரி 29 அன்று இதே வழக்கின் தொடர்ச்சியில் சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் ஆளை இறக்குவதற்கு உச்ச நீதிமன்றம் முழுத் தடை போட்டது. அதே வருஷம் செப்டம்பரில் டெல்லிப் பொதுப்பணித் துறைக்கு 5 லட்சம் அபராதம். எதற்கு? ஆளை வைத்துச் சாக்கடை சுத்தம் செய்ததற்கு. எங்கே? உச்ச நீதிமன்ற வாசலுக்கு வெளியே. மறுபடியும் பணம்தான், அதுவும் துறையின் பணம், அதாவது நம் வரிப்பணம்.

திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் 2017-இல் வந்தது. தீர்ப்பு வருவதற்கு ஆறு வருஷம் முன்னால் அந்தப் படம் தூய்மைப் பணியாளர்களின் கையையும் முகத்தையும் காட்டி, சாதியைப் பெயர் சொல்லிக் கேட்டது. திரையிடப் பல இடங்களில் போலீஸ் அனுமதி மறுத்தது. அந்த ஜூலையில் 2009-ஆம் வருஷத்து மாணவர் போராட்ட வழக்கைத் தூசு தட்டி எடுத்து அவரைக் கைதும் செய்தார்கள். எட்டு வருஷத்துக்கு முந்தைய வழக்கைத் தேடி எடுக்க முடிகிற நிர்வாகத்துக்கு, மூன்று மாதத்துக்குள் ஒரு மேன்ஹோல் சாவுக்குச் சரியான பிரிவைப் போட ஏன் முடியவில்லை என்ற கேள்விக்கு நீங்களே பதில் யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தடவை 'விஷவாயு தாக்கி இருவர் பலி' என்று செய்தி பார்த்தால், இழப்பீடு எவ்வளவு என்பதோடு நிறுத்திவிடாமல் இன்னும் மூன்று விஷயம் தேடிப் பாருங்கள். எஃப்.ஐ.ஆரில் 2013 சட்டத்தின் பிரிவு இருக்கிறதா? இறங்கச் சொன்னவர் பெயர் இருக்கிறதா, இல்லை 'ஒப்பந்ததாரர்' என்று மட்டும் இருக்கிறதா? மூன்று மாதம் முடிய இன்னும் எத்தனை நாள்? உள்ளூர் நிருபர் யாராவது தெரிந்தால் இதையே அவரிடமும் கேளுங்கள். புகார் கொடுக்க வேண்டிய கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்கிற கேள்விக்கு மட்டும்தான் பலன் இருக்கும்.