பிரம்பு போனது, பேர் போகலாமா?

பாடசாலையில் பிரம்புக்கு இடமில்லை என்று இலங்கைக் கல்வி அமைச்சு 2005இல் சுற்றறிக்கை விட்டது. 2016இன் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கையும் அதையே வலியுறுத்தியது. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் இன்னும் அழுத்தமாகச் சொன்னது. ஆசிரியர் அறைந்ததால் செவித்திறன் பாதிக்கப்பட்ட மாத்தறை மாவட்ட மாணவர் ஒருவரின் வழக்கில், அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து, ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் இழப்பீடு வழங்கவேண்டும் என்றது. அப்படியிருந்தும், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்காக 2017இல் செய்யப்பட்ட ஆய்வில், பத்தில் எட்டு மாணவர்கள் அதற்கு முந்தைய தவணையில் ஒருமுறையேனும் உடல்தண்டனை பெற்றிருந்தார்கள்.

அடிக்கக்கூடாது என்பது முடிந்த விஷயம். அடிக்குப் பதில் என்ன என்பதில்தான் மலையகப் பாடசாலைகள் தடுமாறுகின்றன.

“நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா” என்பதுதான் ஆசிரியருக்கு முதலில் கைகொடுக்கும் மாற்றுவழி. நகரத்தில் இது நல்ல வழிதான்; வீடும் பாடசாலையும் பேசிக்கொள்கின்றன. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் அதே வார்த்தைக்கு விலை உண்டு. காலையில் மஸ்டருக்கு, அதாவது வேலைக்குப் பெயர் பதியும் இடத்துக்கு, போகாத தாய்க்கு அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், இல்லை. பாதியில் திரும்பினால் அரைப்பேர்தான். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளமே 1,350 ரூபாவாகத்தான் இருந்தது. அன்றைய சம்பளத்தை இழந்துவிட்டு, பிள்ளையின் குற்றப்பட்டியலை நின்றபடி கேட்டுத் திரும்பும் தாய், லயத்து வீட்டுக்குப் போனதும் என்ன செய்வார்? வகுப்பறையில் விழாத அடி வீட்டில் விழுகிறது. பாடசாலையின் பதிவேடு மட்டும் சுத்தமாக இருக்கிறது.

வகுப்பு முடிந்தபின் நிறுத்திவைப்பதும் இங்கே சரிவராது. தோட்டத்தின் தூரத்து டிவிஷனுக்கு மழையிலும் பனிமூட்டத்திலும் தேயிலை மலை வழியே தனியே நடக்கப்போவது ஒரு சிறுமி. இடைநிறுத்தம் அதைவிட மோசம்: இரண்டு வாரம் வீட்டிலிருக்கும் பதினைந்து வயதுப் பையனுக்குக் கொழும்புக் கடை வேலை காத்திருக்கிறது. பிந்தி வந்தவனைக் கழிப்பறை கழுவச் சொல்வதை மாற்றுவழி என்றே எண்ணக்கூடாது. அது பிரம்பில்லாத அவமானம்.

பலன் தருபவை வகுப்புக்குள்ளேயே முடிகிற, குடும்பத்துக்குச் செலவு வைக்காத வழிகள். தினமும் பிந்தி வரும் பிள்ளையைத் தனியே அழைத்துக் கேட்டால், தம்பியைப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) விட்டுவிட்டு ஓடிவருவது தெரியவரும். அதற்குத் தண்டனை எதற்கு, முதல் பாடத்தில் பத்து நிமிட விட்டுக்கொடுப்புப் போதும். மேசையை உடைத்தவன் அதைத் திருத்த உதவலாம். அடித்துக்கொண்ட இருவரை ஆசிரியர் முன்னால் உட்காரவைத்துப் பேசவிடலாம்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும், பொறுமை வேண்டும். பலனும் மெதுவாகத்தான் வரும். இந்த வழிகளின் உண்மையான பலவீனம் இதுவே. ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பைப் பார்க்கும் ஆசிரியரிடம் அந்த நேரம் இல்லை. முன்பு தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களை எடுத்தபோது, மாதம் 6,000 ரூபா கொடுப்பனவுடன் பயிற்சிக்கு முன்பே வகுப்பில் நிறுத்தினார்கள். அவர்களில் பலர் தாமும் அடிவாங்கிப் படித்தவர்கள். “கண்ணை மட்டும் விட்டுட்டு அடிங்க டீச்சர்” என்று பெற்றோரே சொல்லும்போது, சுற்றறிக்கையை மட்டும் கையில் கொடுத்து ஆசிரியர்களைக் குறைசொல்வது நியாயமில்லை.

பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வகுப்பு நிர்வாகத்தைத் தோட்டத்துச் சூழலை வைத்தே கற்பிக்கட்டும். ஹட்டன், நுவரெலியா வலயக் கல்விப் பணிமனைகள் பெற்றோர் சந்திப்பை வேலை முடிந்த மாலைக்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ மாற்றட்டும். எந்தத் தாயும் பிள்ளையைப் பற்றிக் கேட்க ஒரு பேரை இழக்க வேண்டியதில்லை.