பங்கும் சவுக்கும்

எதேச்சாதிகாரம் எதனால் நிலைக்கிறது என்று பேச்சு வந்தால் நம்மவர்கள் உடனே விட்ஃபோகலை எடுத்துக்கொள்கிறார்கள். பெரும் பாசனத்துக்குப் பெரும் அதிகாரவர்க்கம் வேண்டும், அதுவே கீழைக் கொடுங்கோன்மையின் வேர் என்றார் அவர் (1957). வாய்க்கால் கரையில் வளர்ந்த எனக்கு இது ஒட்டவில்லை. கல்லணை சரி. ஊர் வாய்க்காலைத் தூர்வாரினது யாரு? குடிமராமத்துதானே.

பர்ட்டன் ஸ்டைன் நேர்மாறாகச் சொன்னார்: சோழ மையம் பலவீனமானது, அரசனுடையது பெரிதும் சடங்குத் தலைமை, நாடுகள் தம்மைத் தாமே ஆண்டன. இருவரும் மையத்தையே பார்க்கிறார்கள். நான் நடுவில் இருந்தவனைப் பார்க்கச் சொல்கிறேன்.

பெரிய கோயில் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் சொல் 'பங்கு'. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் தலைக்கொரு பங்கு. பங்குக்கு 100 கலம் நெல். கோயில் காசு ஊர்ச்சபைகளுக்குக் கடனாகப் போகிறது. ஆண்டு வட்டி காசுக்கு அரைக்கால், அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. அரசன் சாய்ந்தால் தன் கணக்கும் சாயும் என்று சபைக்காரனுக்குத் தெரியும். அப்படியும் சோழர் போனார்கள். நாயக்கர், மராட்டியர், 1799இல் கம்பெனி. பங்கு மட்டும் மிராசு என்ற பேரில் இருந்தது. (நிலவுரிமையின் வடிவம் இடையில் மாறியதை கராஷிமா காட்டியிருக்கிறார், மறுக்கவில்லை.) நிலைத்தது அரசா, பங்கா?

களத்துமேட்டில் பண்ணையாளுக்குக் கிடைத்தது பங்கல்ல, கூலி. மீறினால் சவுக்கடி, சாணிப்பால். 'அப்பல்லாம் ஊரு அமைதியா இருந்துச்சு' என்பார் என் தாத்தா. மரக்கால் அவர் ஆள் கையில்.

மெக்ஸிகோவில் ஒரே கட்சி 1929 முதல் 2000 வரை ஆண்டதற்கும் இதே சூத்திரம்தான்: சங்கத் தலைவர்களுக்குப் பதவி, உழவர்களுக்கு நிலம். பங்குக்கு வெளியே நின்று கேட்ட மாணவர்களை 1968 அக்டோபர் 2இல் த்லாதெலோல்கோ சதுக்கத்தில் சுட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 25இல் கீழ்வெண்மணி. செங்கொடிச் சங்கம் கூலி உயர்வு கேட்டது. மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்திருந்தார்கள். ஒரே குடிசையில் 44 பேர் எரிந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அரசன் ஒழிந்து, தேர்தல் வந்து, 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்த பிறகு.

கீழ்க்கோர்ட்டு தண்டித்த மிராசுதார்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. நிலமும் காரும் உள்ளவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று அதனால் நம்ப முடியவில்லை.