சர்க்கரை இல்லாதவருக்கு சென்சார் எதற்கு?

மேல்கையின் பின்புறம் ஒட்டிக்கொண்டு, பதினான்கு நாள் இடைவிடாமல் சர்க்கரையை அளந்து கைபேசிக்கு அனுப்பும் சென்சார், நோயாளிகளுக்காக வந்தது. இன்சுலின் போடுபவருக்கு அது பெரும் துணை. இப்போது நோயில்லாதவர்களுக்கும் விற்கிறார்கள். பெங்களூரின் அல்ட்ராஹியூமன் நிறுவனம் 2021 வாக்கிலேயே அதைத் தொடங்கியது. அமெரிக்காவில் 2024 மார்ச்சில், இன்சுலின் போடாத பெரியவர்கள் மருந்துச்சீட்டு இல்லாமலே வாங்கும்படி டெக்ஸ்காம் நிறுவனத்தின் ஸ்டெலோ சென்சாருக்கு அனுமதி கிடைத்தது. சேலம், நாமக்கல்காரர் ஒருவர் இதற்குப் பணம் போடலாமா?

முதலில் அதன் நியாயம். மரவள்ளியும் சேகோ ஆலைகளும் நிறைந்த ஊர் இது. காலையில் ஜவ்வரிசி உப்புமா சாப்பிட்டால் திரையில் கோடு விறுவிறுவென்று ஏறும். நாமக்கல் முட்டையில் ஆம்லெட் போட்டுச் சாப்பிட்டால் பெரிதாக அசையாது. சாப்பிட்ட கையோடு கொஞ்சம் நடந்தால் ஏற்றம் தணியும். கண்ணால் கண்ட பாடம் காதால் கேட்ட அறிவுரையைவிட ஆழமாகப் பதியும். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) ஆய்வின்படி தமிழகத்துப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால், நமக்கும் வந்துவிடுமோ என்ற பயத்துக்குக் காரணமும் உண்டு.

ஆனால் அந்தக் கோட்டை எவ்வளவு நம்பலாம்? சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் செல்களுக்கு இடையே உள்ள திரவத்தை. அதனால் சில நிமிடம் பின்தங்கும். சென்சார் உள்ள கை அழுந்தப் படுத்தால் பொய்யாகக் குறைத்துக் காட்டும். நோயில்லாதவர்களுக்கு இரண்டு நிறுவனங்களின் சென்சார்களை ஒரே நேரத்தில் பொருத்திப் பார்த்தார்கள் அமெரிக்க ஆய்வாளர்கள். எந்த உணவு சர்க்கரையை அதிகம் ஏற்றுகிறது என்பதில் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று 2020இல் எழுதினார்கள். அப்படியிருக்க, ஒரு நாள் அளவை வைத்து ஒரு பலகாரத்தை விலக்குவது சரியல்ல.

ஏறுவதெல்லாம் நோயும் அல்ல. நோயில்லாத 153 பேரிடம் நடந்த 2019 ஆய்வில், நேரத்தில் 96 சதவீதம் சர்க்கரை 70 முதல் 140க்குள் இருந்தது. சற்று நேரம் அதைத் தாண்டுவது இயல்பே. அந்த ஏற்றத்தைச் சமன்படுத்தினால் ஆரோக்கியமானவருக்குப் பின்னாளில் நோய் வராது என்று நிறுவிய ஆய்வு இல்லை. நெய்யும் கொழுத்த கறியுமாகச் சாப்பிட்டாலும் கோடு சாதுவாகவே கிடக்கும். கொழுப்பும் ரத்த அழுத்தமும் அதற்குத் தெரியாது. கோட்டுக்குப் பயந்து மாம்பழத்தை ஒதுக்குபவர் இதைத் தவறவிடக் கூடாது.

ஆண்டு முழுக்க மாட்டினால் இருபத்தாறு சென்சார். செலவு லட்சத்தைத் தாண்டும். மூன்று மாத சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனைக்குச் சில நூறு ரூபாய் போதும். தடுப்புக்கு வலுவான சான்றும் நம்மிடமே உண்டு. சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், நோயின் விளிம்பில் இருந்தவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடும் நடையும் மட்டுமே நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன. சென்சார் எதுவும் இல்லாமலே.

ஆகவே தீர்ப்பு: நோயின் விளிம்பில் இருப்பவரும், கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்த பெண்ணும் மருத்துவர் சொன்னால் ஒருமுறை இரண்டு வாரம் மாட்டிப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு வேண்டாம். வாரக்கணக்கில் லாரி ஓட்டுபவரும், நாளெல்லாம் தறியில் நிற்பவரும் ஒருமுறைகூட ரத்தம் கொடுத்துப் பார்க்காமல் இருந்தால், அவர்களைப் பரிசோதனைக்கு அழைத்துப்போவதே முதல் வேலை. நம் பணமும் அக்கறையும் அங்கே சேரட்டும்.