‘புனித நோயும்’ வெள்ளாட்டின் மூளையும்

கால்நடைகளுக்கும் வலிப்பு வரும் என்பதை வாசகர்கள் அறிவீர்களா? இதைச் சான்றாகக் கொண்டு வாதாடும் ஒரு சிறு நூல், ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. ‘புனித நோய் பற்றி’ என்பது அதன் பெயர். ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களுள் ஒன்று. எழுதியவர் அவர்தாமா என்பது உறுதியன்று.

அக்காலத்தில் காக்காய் வலிப்பைத் தெய்வக் குற்றம் என்றனர். நோயாளி வெள்ளாட்டுக் கறி உண்ணலாகாது, ஆட்டுத் தோலில் படுக்கலாகாது என மந்திரிப்போர் விலக்கினர். நூலாசிரியரின் மறுப்பு அழகானது. அவை வலிப்பைத் தருமானால், அவற்றைக் கொண்டே வாழும் உள்நாட்டு லிபிய மக்கள் அனைவரும் அல்லவா நோயாளிகளாக இருக்க வேண்டும்? ஒரு கூற்றை அதன் விளைவைக் கொண்டு சோதிக்கும் இம்முறையைத்தான் இயற்பியல் வகுப்பில் நாங்களும் கற்பிக்கிறோம்.

அடுத்து, வலிப்புக் கண்ட வெள்ளாட்டின் தலையைத் திறந்து பார்க்கச் சொல்கிறார். மூளையில் நீர் கோத்திருப்பதைக் காட்டி, காரணம் தெய்வமன்று, நோயே என நிறுவுகிறார்.

நூலின் குறையும் இங்கேதான் உள்ளது. நலமான ஆட்டின் மூளையோடு ஒப்பிட்டதாக அவர் கூறவில்லை. தலையிலிருந்து இறங்கும் சளியே வலிப்புக்குக் காரணம் என்று, மனிதருக்கும் ஆட்டுக்கும் சேர்த்து ஒரே விதி செய்துவிடுகிறார். அவர் கண்டது நாடாப்புழுவின் இளம்பருவ நீர்ப்பையாக இருக்கலாம். நாயின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டைகள், நாயின் மலத்தோடு மேய்ச்சல் நிலத்தில் விழுகின்றன. புல்லோடு அவற்றை உண்ட ஆட்டின் மூளையில் நீர்ப்பை வளர்கிறது. ஆடு தலையைச் சாய்த்து வட்டமிடும், வலிப்பும் வரும்.

எல்லா வலிப்புக்கும் ஒரே காரணம் தேடும் பிழை இன்றும் நம்மை விடவில்லை. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வாழும் எம் போன்றோருக்கு ஆடு என்றால் கறிக்கடைதான். மேச்சேரிப் பக்கத்து உழவருக்கோ அது கைச்சேமிப்பு. மழைக்குப்பின் இளம்புல்லை மிகுதியாக மேய்ந்த ஆடு துடித்து விழுந்தால், அது துள்ளுமாரி நோயாகலாம். குடலில் பெருகும் நுண்ணுயிரியின் நச்சே காரணம். மழைக்காலத்துக்கு முன் தடுப்பூசி போட்டால் தடுக்கலாம். இளஞ்சோளப் பயிரையோ, வாடிய சோளத்தையோ தின்று விழுந்தால், அது சயனைடு நஞ்சாகலாம். உடனே ஊசி போட்டால் பிழைக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே சூடு, ஒரே தாயத்து என்றால் காலம் கடந்துவிடும், ஆடும் போய்விடும்.

ஆகவே, இந்நூலின் விடையை விட்டுவிடுங்கள். திறந்து பார்க்கும் துணிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடு வலிப்பில் விழுந்தால், அது எங்கே எதை மேய்ந்தது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். செத்த ஆட்டின் தலையை நாய்க்குப் போடாதீர்கள். பட்டி நாய்க்கும் குடற்புழு மருந்து கொடுங்கள்.